பள்ளங்கிக்கு ஒரு நாள்

நன்கொடை கேட்டு வருகிறவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பல வருடமாக. கொடைக்கானலில் நாலு அறையை வைத்துக்கொண்டு தங்கும் விடுதி நடத்துகிற எவருக்கும் இது தெரியும்: கேட் சத்தம் கேட்டால் ஒன்று டூரிஸ்ட், இல்லையென்றால் ரசீதுப் புத்தகம். மாரியம்மன் திருவிழா, மாதா தேர், கால்பந்து அணிக்குப் பனியன், ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் குழு, தெருநாய்களுக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிக்கு வீல்சேர் என்று எல்லாவற்றுக்கும் கொடுப்பேன். வந்தவர் சோபாவில் உட்கார்ந்து விளக்கம் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவேன். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

"நீ எங்க தர்மம் பண்ற? வெரட்டுறதுக்குல்ல குடுக்குற" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பணம் கொடுத்தால் வந்த ஆள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். நேரம் கொடுத்தால் அப்படியில்லை. இந்த வாரம் ஒரு மணி நேரம் போனால் அடுத்த வாரம் அரை நாள் கேட்பார்கள், அப்புறம் குழுவில் சேர்ப்பார்கள், அதற்கப்புறம் தினமும் விடிகாலையில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் போனுக்கு வரும். எனக்கு மனிதர்களைப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளி இருந்தால் பிடிக்கும்.

என் விடுதி அறைகளைச் சுத்தம் செய்கிறவள் பக்கத்துக் கிராமமான பள்ளங்கியிலிருந்து வருகிறாள். காலை பஸ்ஸில் ஏறி எட்டரைக்கெல்லாம் சமையலறையில் நிற்பாள். நான் போட்டு வைத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல மேடம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தில் கை வைப்பாள். பதினோரு வருடப் பழக்கம். நான்தான் முதலாளி என்பது அவளுக்கு மறந்துபோய் வெகுநாள் ஆகிறது.

அன்றைக்குப் பங்குனி முடிகிற நேரம். சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுமுறை. நாலு அறையும் நிரம்பியிருந்தன. அவள் வந்து நின்றாள், காபியைத் தொடவில்லை.

"மேடம், எனக்கு நாளைக்கு ஒரு நாள் வேணும்."

"நாளைக்கா? நாளைக்கு நாலு ரூமும் காலியாகி நாலு ரூமும் நெறையுது. விளையாடுறியா?"

அவள் விளையாடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்திறங்கியவர் அந்த அம்மாள். வந்த நாளிலிருந்து ஊரார் தோட்டத்தில் கூலி வேலை. நாலு வருடத்துக்கு முன்னால்தான் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மலைப்பூண்டு போட ஆரம்பித்திருந்தார். போன வாரம் எருக்கூடையோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

"பூண்டு முத்தி நிக்குது மேடம். வெரசாப் புடுங்கலன்னா போச்சு. மேல மேகம் கூடிக்கிட்டுக் கெடக்கு. மழை புடிச்சா மண்ணுக்குள்ளயே அழுகிரும். அது விக்கிற பூண்டுன்னாக்கூட பரவாயில்ல, அத்தனையும் வெதைக்கு வச்சது. வெதை போச்சுன்னா அடுத்த நடவு இல்ல. நடலன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு மாத்தி விட்டுருவாரு."

நான் வழக்கம்போலக் கைப்பையைத் தேடினேன். "இந்தா, கூலிக்கு ஆள் வச்சுப் புடுங்கச் சொல்லு."

"காசு வேணாம் மேடம். காசுக்கு ஆள் எங்க இருக்கு? எங்க தெருவுல வேலைக்குப் போற பொம்பளைங்க ஏழு பேரு. ஏழு பேரும் டவுன்லதான் பெட்சீட்டு மாத்திக்கிட்டுக் கெடக்கோம். சீசன்ல ஒரு மொதலாளியும் லீவு தரமாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அந்த மொதலாளிகளில் நானும் ஒருத்தி என்பது எனக்கு உறைத்தது. உறைத்த வேகத்திலேயே நாலு குளியலறைகளும் கண்முன் வந்து நின்றன. அவற்றை நான் கழுவுவதா? அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

"நீ இங்கயே இரு. நானே போறேன்" என்றேன்.

"நீங்களா?"

"ஏன், பூண்டு புடுங்க பெரிய படிப்பா வேணும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் போனை எடுத்துவிட்டேன். விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. தண்ணீர் லாரி நம்பரும், காட்டுமாடு எந்தத் தெருவில் நிற்கிறது என்ற தகவலும் அதில்தான் வரும். கால் முறிந்த பெண், அழுகப்போகும் பூண்டு, நாம் கை கொடுப்போம் என்று உருக்கமாக எழுதிப் போட்டேன். இருபது பேர் கும்பிடு போட்டார்கள். பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் சாப்பாடு உண்டா என்று கேட்டார். மறுநாள் காலையில் நேரில் வந்தவர்கள் ஐந்து பேர்.

என்னோடு ஆறு. மலையேறுகிற கோல் ஒன்றை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒரு அம்மா தொப்பிக்குப் பொருத்தமாகக் கையுறை போட்டிருந்தார். நான் கத்தரிக்கோல் எடுத்துப் போயிருந்தேன். எந்த வேலைக்குப் போனாலும் கத்தரிக்கோல் இல்லாமல் நான் போவதில்லை. அதற்கு அன்றைக்குப் பிறகு ஒரு முடிவு கட்டினேன்.

தோட்டத்தின் மேல் ஓரத்திலேயே அந்த அம்மாளின் வீடு இருந்தது. ஓட்டு வீடு, ஒரே அறை, ஒரு மூலையில் விறகடுப்பு. கட்டுப் போட்ட காலை ஒரு மூட்டை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். அறுபது வயதுக்குள்தான் இருக்கும். ஆறு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்து, என்னிடம், "வாங்க தொரசாணி" என்றார். தேயிலைத் தோட்டத்தில் துரையின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மரியாதையா கேலியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "எனக்கு எழும்பி வர ஏலாது. ஏழு பாத்தி இருக்கு. பாத்து எடுங்க."

பாத்து எடுங்க. அவர் சொன்னது அவ்வளவுதான். பள்ளங்கியில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

நாங்கள் பார்த்துத்தான் எடுத்தோம். ஈர மண்ணிலிருந்து ஒவ்வொரு பூண்டும் மெல்லிய சத்தத்தோடு கழன்று வந்தது. பத்து நிமிடத்தில் இடுப்பு போய்விட்டது. ஆனாலும் ஆறு பேருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கையுறை அம்மா பாடக்கூடச் செய்தார். பிடுங்கிய பூண்டில் காய்ந்த தண்டும் இலையுமாக நீளமாகத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் கடையில் வாங்குகிற பூண்டில் தாள் இருக்கிறதா? இல்லை. "இதை வெட்டிக் குடுத்துட்டா அந்தம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றேன். அந்த அறிவாளி நான்தான், வேறு யாருமில்லை.

இரண்டு பேர் பிடுங்க, இரண்டு பேர் மண்ணை உதற, நானும் கோல்காரரும் வெட்டினோம். என்னிடம் கத்தரிக்கோல், அவரிடம் கோலோடு கிடைத்த மடக்குக் கத்தி. மதியத்துக்குள் மூன்று பாத்தி முடிந்தது. வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்த பூண்டுக்குப் பின்னால் நின்று ஆறு பேரும் படம் எடுத்துக் குழுவில் போட்டோம். மறுபடியும் இதயங்கள் வந்தன.

ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு நானே அந்த அம்மாளிடம் காட்டப் போனேன். அவர் ஒரு பூண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முறத்துக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"தாள் எங்க தொரசாணி?"

"எல்லாத்தையும் வெட்டிட்டோம்மா. சுத்தமா இருக்கு பாருங்க."

அவர் அடுப்புக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். புகை ஏறிக் கறுத்த மூங்கில் கழிகள் வரிசையாகக் குறுக்கே கட்டியிருந்தன. ஒன்றிலும் எதுவும் தொங்கவில்லை.

"தாளச் சேத்து முடிஞ்சு, கட்டுக் கட்டா அதுல தொங்கவிடணும். நடவு வரைக்கும் அடுப்புப் புகையிலயே கெடக்கணும். அப்பத்தான் வெதை நிக்கும்" என்றார் மெதுவாக.

பின்னால் வந்து நின்ற கோல்காரர், "கூடையில போட்டுத் தொங்கவிடலாமே?" என்று கேட்டார்.

"வெட்டுன வாயில அழுகல் ஏறிரும் ஐயா. இது கொழம்புக்கு ஆகும். வெதைக்கு ஆகாது." பிறகு, "எத்தன பாத்தி?" என்று கேட்டார்.

"மூணு."

"நாலு மிச்சம் இருக்குல்ல. போதும், விடுங்க. வெயில்ல நின்னுட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்குத் திட்டு வாங்கவும் தெரியும், திருப்பிக் கொடுக்கவும் தெரியும். தேநீர் தருகிறவரிடம் என்ன செய்வது? போதும் என்று அவர் சொன்னதன் பொருள் ஆறு பேருக்கும் விளங்கியது. மிச்ச நாலு பாத்தியை ஒருவரும் தொடவில்லை. அவமானமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் காரில் எல்லார் கையிலும் பூண்டு வாசம் அடித்தது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அவள் நாலு அறையையும் முடித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒங்கள யாரு மேடம் பூண்டு புடுங்கச் சொன்னது? நான் என்னோட நாளத்தானே கேட்டேன்?"

தப்பு என் மேல் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதெப்படி, உதவ வந்தவர்களைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று நாலு வார்த்தை கத்தினேன். அவள் அசையவில்லை. கத்தி முடித்த பிறகு பார்த்தால் அவள் கேள்வி அங்கேயே நின்றது. அவள் என்னிடம் கேட்டது லீவு. அதைக் கொடுக்க மனமில்லாமல்தான் நான் மலை முழுக்க ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

"அந்த ஏழு பேரும் எங்கெங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டேன்.

அவளைச் சேர்த்து ஐந்து பேர் எங்கள் குழுவினரின் விடுதிகளில்தான் இருந்தார்கள். மீதி இரண்டு பேர் பெரிய ஹோட்டல் ஒன்றில். அந்த மேனேஜர் போனிலேயே முடியாது என்றுவிட்டார். மற்றவர்களை நான் விடவில்லை. சம்பளத்தோடு நாளைக்கு லீவு கொடுங்கள், அறைகளை நாமே கழுவுவோம் என்றேன். ஒருவர் தனக்கு ஒன்பது அறை காலியாகிறது என்று அழாத குறையாகச் சொன்னார்.

"மூணு பாத்திய வெட்டுனது மறந்துபோச்சா?" என்றேன். பாதிக்கு மேல் வெட்டியது நான்தான். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

மறுநாள் பள்ளங்கியிலிருந்து ஐந்து பேர் பஸ் ஏறவில்லை. கொடைக்கானலில் ஐந்து விடுதிகளில் முதலாளிகள் வாளியைத் தூக்கினோம்.

என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வராந்தாவைத் துடைத்தார். அவர் துடைத்த இடத்தையும் துடைக்காத இடத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படுக்கை விரிப்பை நீளவாக்கில் போட வேண்டியதைக் குறுக்கே போட்டுவிட்டு, துணி சுருங்கிவிட்டது என்றார். நான் குளியலறைகளில் மண்டியிட்டேன். பதினோரு வருடமாக என் வீட்டிலேயே இருக்கிற குளியலறைகள்தான், ஆனால் அவற்றின் மூலைகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். நடுநடுவே போன் வேறு. மஞ்சள் கறைக்கு எதை ஊற்றுவது என்று ஒருவர், தலையணை உறையில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதே என்று இன்னொருவர். பதில் தெரிந்தவர்கள் எல்லாரும் பள்ளங்கியில் இருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி அறையைக் காலி செய்யும்போது என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், இந்த வயசுல" என்று சொல்லி ஒரு நோட்டை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் மறுக்கவே இல்லை. கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் என்னிடம், "உனக்கு யாராவது குடுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டரை மணிக்கு மேகம் இறங்கியது. எதிர்வீடு மறைந்தது, பிறகு எங்கள் கேட் மறைந்தது. இடி இடித்தது. பள்ளங்கிக்குப் போன் போட்டேன், சிக்னல் இல்லை. மறுபடி போட்டேன். பாதி மாட்டிய தலையணையை மோவாயில் இடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மாரியம்மனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். இத்தனை வருடம் ரசீது வாங்கியதற்கு இதையாவது செய்யுங்கள் என்று கேட்டேன் என்றுகூட நினைக்கிறேன். மழை வந்தது. ஓட்டு மேல் ஆலங்கட்டி விழுந்து உருண்டது. ஒரு மணி நேரம் அடித்தது.

நாலரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"மேடம், நாலு பாத்தியும் அடுப்பு மேல பரணுக்கு ஏறிருச்சு. கடைசிக் கட்ட வீட்டுக்குள்ள கொண்டு வரவும் மழை புடிக்கவும் சரியா இருந்துச்சு. நெருக்கி நட்டா போதும், நெலத்துல பாதிக்கு மேல வந்துரும், குத்தகை போகாதுன்னு அக்கா சொல்லுது. இப்பத்தான் சிரிச்சுச்சு."

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். கதவருகில் வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "வழுக்கி விழுந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெட்டிய மூன்று பாத்திப் பூண்டையும் ஆறு விடுதிகளும் வாங்கிக்கொண்டோம். அந்த சீசனில் கொடைக்கானல் வந்தவர்கள் எங்களிடம் பூண்டுச் சட்னி, பூண்டு ரசம், பூண்டு ஊறுகாய் என்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இடம் அழகு, உபசரிப்பு அருமை, பூண்டு சற்றே தூக்கல் என்று ஒருவர் இணையத்தில் எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். அதை நான் வாதாடாமல் ஏற்றுக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம் ஒரு நாள் காலை பஸ்ஸில் அவளோடு அந்த அம்மாளும் வந்து இறங்கினார். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, கையில் ஒரு கம்பு. கம்பை மூலையில் சாய்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன சோலி கெடக்கு, குடுங்க தொரசாணி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைப் போட்டேன்.

"அந்த அஞ்சு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நாள் குடுத்து முடிச்சிட்டேன். ஒருத்திக்குப் பீன்ஸ் ஆஞ்சு குடுத்தேன், ஒருத்திக்குப் பிள்ளையப் பாத்துக்கிட்டேன். காலு இருக்கற இருப்புக்கு அதுதான் ஏலும். இந்த விடுதிக்காரவுகள்ல நாலு பேர் வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். ஒங்க நாள்தான் மிச்சம்."

"அய்யய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா? நீங்க உக்காருங்க, காபி போடுறேன்" என்றேன். கால் இழுத்து நடக்கிறவரிடம் வேலை வாங்குவதா? என் கை அதுபாட்டுக்குக் கைப்பையைத் தேடிப் போனது, பஸ் செலவுக்காவது கொடுத்து அனுப்பலாமென்று.

அவள் என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "வேணாம்னு சொல்லிராதீங்க மேடம். எங்களுக்குள்ள ஆளுக்கு ஆள்தான். ஒரு நாள் வாங்குனா ஒரு நாள் குடுக்கணும். நீங்க வாங்கிக்கலன்னா நீங்க செஞ்சது பிச்சை போட்ட மாதிரி ஆயிரும். அக்கா அதத் தாங்காது."

நான் கைப்பையை வைத்துவிட்டேன். துவைத்துக் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து குவித்தேன். அந்த அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து மாலை வரை மடித்தார். மூலையோடு மூலை பிசகாமல் மடித்தார். எனக்குத்தான் இருப்பு கொள்ளவில்லை. காபி வேண்டுமா, தலையணை வேண்டுமா, கால் வலிக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கொடுப்பதற்குப் பழகியிருந்த எனக்கு ஒருவர் தருவதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை.

"ரெண்டு நாளுல்ல வேலை செஞ்சேன், ஒரு நாள்தான் வந்திருக்கீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"கக்கூஸ் கழுவுன நாளுக்குத்தான் வந்தேன். தோட்டத்துக்கு வந்தத நான் சேக்கல. அதச் சேத்தா நீங்கதான் தொரசாணி எனக்குத் தரணும்" என்றார். இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஐந்து மணிக்குக் கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "இப்ப சரியாப் போச்சு. இனி ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கலாம்" என்று கம்பை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அவரிடம் கேட்பதற்கு ஒன்று இருந்தது. பத்து நாளாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அவர்களில் ஒருவரிடம்கூட எனக்கு இதைச் செய்யுங்கள் என்று கேட்கிற அளவுக்குப் பழக்கமில்லை. வாசல்படி வரை போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"செவ்வாய்க்கெழம இவருக்கு மதுரையில கண் ஆபரேஷன். நான் கூடப் போகணும். ஒரு பக்கம் ரூமு, ஒரு பக்கம் கெஸ்ட்டு, இவ ஒருத்தி தனியாச் சமாளிக்க மாட்டா. நீங்க வந்து இருப்பீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கம்பை ஊன்றி நின்று யோசித்தார். முகத்தில் வியப்பு எதுவும் இல்லை.

"நீங்க எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"வெள்ளனே, நாலு மணிக்கு."

"அப்ப திங்கக்கெழம பொழுதோடயே வந்துர்றேன்" என்றார். "காலம்பற பஸ்ஸ நம்ப ஏலாது."